நாலாயிரத்து ஒன்றாவது இலை

தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கூட்டாம்விளை என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரை ஓர் எண் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த எண் நாலாயிரத்து ஒன்று. பேய் பிடித்த ஊர் உண்டு, நோய் பிடித்த ஊர் உண்டு, எண் பிடித்த ஊர் எங்கேயாவது உண்டா என்று கேட்டால், உண்டு, அதைத்தான் சொல்ல வருகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அது எப்படிப் பிடித்தது என்று மட்டும் கேட்காதீர்கள், கூட்டாம்விளைக்காரர்களே கேட்டதில்லை. மக்கள்தொகை எடுக்க வந்த டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பூசாரியையும் தட்டி எழுப்பிச் சேர்த்தபோது தொகை நாலாயிரத்து ஒன்றில் வந்து நின்றது, நின்றது நின்றதுதான். அது பகா எண். இரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்று மிஞ்சும். மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஏழால் வகுத்தால் நாலு மிஞ்சும். பதிமூன்றால் வகுத்தால் பத்து மிஞ்சும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எவனுக்கும் மசியாத பிடிவாதம் அதற்கு. அந்தப் பிடிவாதம் மெல்ல ஊர்மேல் ஏறிவிட்டது.

முதலில் கோயில் கொடைவிழாவில்தான் தெரிந்தது. ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம், கைக்குழந்தைக்கும் ஓர் இலை உண்டு. பந்திக்கு ஐம்பது என்று போட்டார்கள், ஓர் ஆள் மிச்சம் நின்றான். நாற்பது என்று போட்டார்கள், ஓர் ஆள் நின்றான். முப்பது என்று போட்டார்கள், பதினோரு பேர் நின்றுகொண்டு முறைத்தார்கள். எப்படிப் போட்டாலும் யாரோ சிலர் ஓரமாக நின்றார்கள், நின்றவர்கள் எல்லாம் வேண்டுமென்றே செய்கிறான் என்று பந்தி விசாரித்தவனின் சட்டையைப் பிடித்தார்கள், சோறு ஆறிப்போனது, அம்மனே பசியோடு இருந்திருப்பாள். கடைசியில் ஆளுக்கு ஒரு பந்தி என்று நாலாயிரத்து ஒரு பந்தி போடுவது, அல்லது எல்லோருக்கும் சேர்த்து ஒரே பந்தி போடுவது, இந்த இரண்டைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆனது. அன்றுமுதல் கூட்டாம்விளையில் ஒரே பந்திதான். கோயில் வாசலில் தொடங்கும் இலை கீழத்தெரு, மேலத்தெரு, குளத்தங்கரை என்று ஊரையே சுற்றிக்கொண்டு மறுபடி கோயிலுக்கே வந்து சேரும். சாம்பார் வாளியை மொபெட்டில் வைத்துக்கொண்டு போவார்கள். இந்தத் தெருக்காரன் பக்கத்தில் அந்தத் தெருக்காரன் உட்காருவதா என்று வழிவழியாக இருந்த வழக்கும் அந்தச் சாம்பாரில் கரைந்துபோயிற்று.

பிறப்பு இறப்பும் அப்படியே ஆனது. ஒரு பெரியவர் இழுத்துக்கொண்டு கிடந்தால், எந்த வீட்டில் பேறுகாலம் என்று விசாரிப்பார்கள். அங்கே குழந்தை வீறிட்டு அழுத அதே நொடியில் இங்கே பெரியவர் கண்ணை மூடுவார். மேளக்காரர்கள் எந்த வீட்டுக்கு எந்த அடி அடிப்பது என்று குழம்பி, கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் அடியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்கள். அது கேட்பதற்கு நன்றாகவே இருக்கும்.

எல்லைக்கல்தான் கொஞ்சம் தொந்தரவு. ஊருக்குள் கால் ஊன்றி நிற்கிறவர்களின் தொகை எப்போதும் பகா எண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லைத் தாண்டி வைத்த கால், எடுத்த பக்கமே திரும்ப வந்து விழும். நாலாயிரத்து ஒன்றுக்கு மேலே நாலாயிரத்து மூன்று, ஏழு, பதிமூன்று, பத்தொன்பது, இருபத்தொன்று என்று எண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதனால் விருந்தாளிகள் இரண்டு பேராக வரலாம், ஆறு பேராக வரலாம், பன்னிரண்டு, பதினெட்டு, இருபது என்று வரலாம். கீழே இறங்கினால் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில்தான் அடுத்த படி. அதனால் வெளியே வேலைக்குப் போகிறவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் காலை வேன் நகரும், பதினோரு பேர் என்றால் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். ஒருவர் உள்ளே வைக்கும்போதே இன்னொருவர் வெளியே வைத்தால் மட்டும் கணக்கு கலையாது. இதற்காகவே ஊர்ப் பஞ்சாயத்து அய்யாக்குட்டி என்பவரை விசிலோடு எல்லைக்கல்லில் உட்கார வைத்திருந்தது.

இந்த ஊரில்தான் மேலப்பனங்காட்டுச் சுயம்புலிங்கம் தன் மகன் ஜெயபாலுக்குப் பெண் எடுத்தார். பெண் பெயர் முத்துச்செல்வி, அய்யாக்குட்டியின் தங்கை மகள். சம்பந்தம் பேசியபோது எல்லாம் பொருந்தியது, ஒன்றுதான் முட்டியது. மேலப்பனங்காட்டில் நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையாகத்தான் கிளம்புவார்கள், இரட்டைப்படை என்றால் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு. கூட்டாம்விளைக்கோ விருந்தாளி இரட்டைப்படையில் வந்தால்தான் கல் விடும். கல்யாணமே நின்றுபோகும் என்ற நிலையில் சுயம்புலிங்கத்தின் மனைவி கனகமணி ஒரு யோசனையைக் கண்டுபிடித்தாள், ஆனால் அதை யாரிடமும் விளக்கவில்லை. "பத்தொம்பது பேராக் கிளம்புவோம், பதினெட்டு பேரா உள்ள போவோம், எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பத்தொன்பதாவது ஆள்தான் பால்தங்கம்.

பால்தங்கம் சுயம்புலிங்கத்தின் அக்கா. கட்டிப்போன வருடமே புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து அடுப்பங்கரையைவிட்டு வெளியே வரவில்லை, வந்ததெல்லாம் அவள் குரல்தான். அந்தக் குரலுக்குத் தெருவே நடுங்கும். ஜெயபாலைப் பெற்றவள் கனகமணி என்றாலும் குளிப்பாட்டி, ஊட்டி, அடித்து, அழவைத்து, தூக்கி வளர்த்தது எல்லாம் பால்தங்கம்தான். இத்தனை இருந்தும் அந்த வீட்டில் யாராவது "எத்தனை பேருக்கு உலை வைக்க?" என்று கேட்டால், வீட்டில் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிச் சொல்லும்போது அவளை யாரும் எண்ணுவதில்லை, அவளே எண்ணிச் சொன்னாலும் தன்னை விட்டுவிட்டுத்தான் சொல்லுவாள். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் இருப்பதைத் தின்பாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, ஒரே ஓர் ஆசைதான் வைத்திருந்தாள்: ஜெயபால் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்து அவன் தலையில் அட்சதை போட வேண்டும். அதற்காக மாம்பழக் கலரில் புதுச்சேலை கட்டி, முந்தானையில் மஞ்சள் அரிசி முடிந்துகொண்டு, வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

எல்லைக்கல்லில் வேன் நின்றது. அய்யாக்குட்டி விசிலை ஊதிவிட்டு, "வாங்க, வாங்க சம்பந்தி! எத்தனை பேரு?" என்றார்.

"கார்ல போன ரெண்டு பேரோட சேத்துப் பதினெட்டு" என்றாள் கனகமணி.

"ஏட்டி, பத்தொம்பதுல்லா!" என்றாள் பால்தங்கம் உள்ளேயிருந்து.

கனகமணி ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "மைனி, நீங்க கொஞ்சம் இந்தப் புளியமரத்தடியில இருங்க. கெளம்பும்போது ஒத்தப்படைக்கு நீங்க வேணும், உள்ள போவும்போது ரெட்டைப்படைக்கு நீங்க வேண்டாம். பொறவு... தாலி கட்டுத எடத்துல நீங்க வந்து முன்னால நிக்கிறதும் நல்லாருக்காது. நான் எடுத்துச் சொல்லணுமா, ஒங்களுக்கே தெரியும்லா?"

பால்தங்கம் தம்பியைப் பார்த்தாள். சுயம்புலிங்கம் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை ஜெயபால் தோழனோடு இரண்டு பேராக முன்னாலேயே அலங்கரித்த காரில் உள்ளே போய்விட்டான், அவனுக்கு இது தெரியாது. பால்தங்கம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினாள். அவள் பேசாமல் இறங்கியதைப் பார்த்து வேனில் இருந்தவர்களுக்குத்தான் பயமாக இருந்தது.

வேன் போனபிறகு பேசினாள். புளியமரத்தைப் பார்த்துப் பேசினாள், கல்லைப் பார்த்துப் பேசினாள், கனகமணியின் ஏழு தலைமுறையையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசினாள். அய்யாக்குட்டி விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது ஒரு லோட்டாவில் காப்பியைக் கல்லுக்கு மேலாக நீட்டினார்.

"கை நீட்டலாமாக்கும்?" என்றாள்.

"கைக்குக் கணக்கு கெடையாதுக்கா. காலுக்குத்தான்."

"ஒங்க ஊரு கல்லுக்கு இருக்கிற நியாயம் எங்க வீட்டுல இல்ல பாத்துக்கிடும்" என்று சொல்லிக் காப்பியை வாங்கிக் குடித்தாள். சர்க்கரை கூடுதல் என்றாள்.

பத்தரை மணிக்கு ஊருக்குள்ளிருந்து மைக்செட்டில் கெட்டிமேளம் கேட்டது. பால்தங்கம் எழுந்து நின்றாள். எந்தத் திசையில் மண்டபம் என்று கேட்டாள், அய்யாக்குட்டி கையைக் காட்டினார். முந்தானையை அவிழ்த்து, மஞ்சள் அரிசியை இரண்டு கையிலும் அள்ளி, "எஞ்சாமி, நல்லாருலே!" என்று அந்தத் திசை பார்த்து எறிந்தாள். அரிசி கல்லைத் தாண்டி ஊருக்குள் போய் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கோழிகள் வந்து அதைக் கொத்தித் தின்றன. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அய்யாக்குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை மட்டும் "அத்தை எங்க? அத்தை எங்க?" என்று ஐயரைத் தாண்டித் தாண்டி எட்டிப் பார்த்தான், தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று கனகமணி சொன்னாள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தனி விருந்து நடந்தது. பெண்ணை வழியனுப்பிவிட்டுத்தான் ஊர் சாப்பிடும் என்பதால் கூட்டாம்விளை முழுக்கப் பசியோடும் பிரியத்தோடும் பெண்ணோடு எல்லைக்கல்வரை நடந்து வந்தது. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண் கல்லைத் தாண்ட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டு பேரும் கூடவே காலைத் தூக்க, முத்துச்செல்வி முதல் ஆளாக வலது காலை எடுத்து வைத்தாள். கால் திரும்ப உள்ளேயே வந்து விழுந்தது. வெட்கத்தில் தடுமாறிவிட்டாள் என்று சிரித்தார்கள். மறுபடி வைத்தாள், மறுபடி வந்து விழுந்தது. அய்யாக்குட்டி விசிலை ஊதினார், அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினெட்டு பேரு வந்தாவ. பொண்ணோட சேத்துப் பத்தொம்பது பேரு போறாவ. போனா ஊரு நாலாயிரம்லா ஆயிரும்!"

ஊரே வாயைப் பிளந்தது. பகா எண்ணைப் பாலோடு குடித்து வளர்ந்தவர்கள், மூன்று மாதமாக வரவேண்டியவர்களை எண்ணியவர்கள், இலையை எண்ணியவர்கள், வாழைக்குலையை எண்ணியவர்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்பதை மட்டும் எண்ண மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் பெண்ணை யாரும் ஓர் ஆளாக எண்ணவில்லை. பெண் என்றால் கூட வருகிறவள்தானே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

நாலாயிரம் என்றதும் கிழடுகட்டைகளுக்கு வேர்த்துவிட்டது. இரண்டாக உடையலாம், நாலாக உடையலாம், எட்டுத் தெருவும் சரிசமமாகப் பிரிந்துகொண்டு மறுபடி தனித்தனிப் பந்தி போடலாம், மறுபடி சட்டையைப் பிடிக்கலாம். வேண்டவே வேண்டாம் என்றார்கள்.

"எங்காளு பதினோரு பேரைக் கூட அனுப்புதோம். கீழ்ப்படிக்குச் சரியா வந்துரும்" என்றார் பெண்ணின் அப்பா.

"முப்பது பேரா? ரெட்டைப்படையா எம்மருமவள வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவணுமா?" என்று கனகமணி துள்ளினாள்.

"அப்ப ஒங்காளு ஒருத்தர் இங்க தங்குங்க."

மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, ஊசி வீட்டில் இருந்தது. ஒருவருக்கு மாடு கன்று போடுகிற நேரம். ஒருத்திக்குத் தலையணை மாறினால் தூக்கம் வராது. "நானே இருக்கேன், அவ போவட்டும்" என்றான் ஜெயபால், மாப்பிள்ளை இங்கேயும் பெண் அங்கேயும் இருந்தால் அது என்ன கல்யாணம் என்று இரண்டு ஊரும் சேர்ந்து அவனை அதட்டின. மணி நாலே கால் ஆகியிருந்தது.

அப்போதுதான் புளியமரத்தடியில் மாம்பழக் கலர் சேலை ஒன்று உட்கார்ந்திருப்பதை ஜெயபால் பார்த்தான். "யத்தே!" என்று அவன் கத்திய கத்தலில் மேளக்காரர் ஒருவர் பதறி ஓர் அடி அடித்துவிட்டார். "நீங்க இங்கனயா இருக்கிய? தலைவலின்னாவ!"

"தலைவலிதான்லே மக்கா. வெயில்ல இருந்தா வராதா?"

கனகமணிக்கு அந்த நொடியில்தான் கணக்கு விளங்கியது. ஓடிவந்து கல்லுக்கு உள்பக்கம் நின்று கையைப் பிசைந்தாள். "மைனி, நீங்க ஒரு எட்டு உள்ள வாங்க. அவ ஒரு எட்டு வெளிய வரட்டும். சரியாப் போயிரும்."

"காலையில வேண்டாதவ இப்ப வேணுமாக்கும்?"

"மைனி, ராகுகாலம்..."

"ராகு வரட்டும். அவனும் பத்தொம்பதாவது ஆளா இந்த மரத்தடியில உக்காரட்டும், எனக்குப் பேச்சுத்துணையாச்சு."

ஊர் சிரித்தது. சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பால்தங்கம் இன்னும் நிறைய வைத்திருந்தாள், காலையிலிருந்து மென்று மென்று சேர்த்துவைத்தது எல்லாம் நாக்கு நுனியில் நின்றது, ஆனால் பெண் அழுதுகொண்டிருந்தாள், பக்கத்தில் அந்தப் பயலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். அவன் அழுதால் அவளுக்குத் தாங்காது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு கல்லுக்கு அருகில் வந்தாள்.

"ஒம்பேரென்னட்டி?"

"முத்துச்செல்வி, யத்தே."

"கையைக் குடு."

கல்லுக்கு மேலாக இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவன் ரசத்துல தக்காளி கெடந்தா திங்கமாட்டான், எடுத்துப் போட்டுட்டுக் குடு. கோவம் வந்தா பேசாம இருப்பான், நீயும் பேசாம இருந்திராத" என்றாள் பால்தங்கம். "எங்கம்மா இன்னைக்குச் சாப்பிடமாட்டா யத்தே. பக்கத்துல இருந்து பாத்துக்கிடுங்க" என்றாள் முத்துச்செல்வி. அய்யாக்குட்டி விசிலை ஊதினார். ஒருத்தி உள்ளே வைத்தாள், ஒருத்தி வெளியே வைத்தாள், இரண்டு காலும் வைத்த இடத்திலேயே நின்றன.

வேன் போனது. ஊர் பந்திக்குத் திரும்பியது. பால்தங்கம் பழக்கதோஷத்தில் நேராகச் சமையல்கொட்டகைக்குப் போய் ஒரு சாம்பார் வாளியைத் தூக்கினாள். இலை போட்டாகிவிட்டது, சோறு விழுந்தாகிவிட்டது, ஊர் முழுக்க உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை. அவள் வாளியோடு கீழத்தெரு முழுக்கப் பரிமாறிக்கொண்டு போனாள், எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஏன் திங்காம இருக்கிய? சோத்துல கல்லா கெடக்கு?"

"நீங்க உக்காரணும்லாக்கா" என்றாள் ஒருத்தி.

"நான் பொறவு தின்னுக்கிடுதேன். நீங்க தின்னுங்க."

"நீங்க இருந்தாத்தான் பந்தி" என்றார் பெண்ணின் அப்பா, தன் பக்கத்தில் இருந்த வெறும் இலையைக் காட்டி. அது முத்துச்செல்வியின் இலை. அதற்கு அந்தப்பக்கம் பெண்ணின் அம்மா முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கோயிலிலிருந்து குளத்தங்கரைவரை நாலாயிரம் பேர் பசியோடு, கோபமில்லாமல், ஒருத்திக்காகக் காத்திருந்தார்கள்.

பால்தங்கம் வாளியைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். முட்டு மடங்க மறுத்தது, பந்தியில் உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று. அவள் முதல் கவளத்தை எடுத்ததும் ஊர் முழுக்க நாலாயிரம் கைகள் இலைக்கு இறங்கின. அவள் கண்ணிலிருந்து கொட்டியது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, "சாம்பார்ல உப்பே இல்ல, யாரு வச்சது?" என்று சத்தம் போட்டாள். பக்கத்தில் பெண்ணின் அம்மா அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மறுவீட்டுக்கு ஜெயபாலும் முத்துச்செல்வியும் வந்தார்கள். இரண்டு பேர் என்பதால் கல் ஒன்றும் சொல்லவில்லை, அய்யாக்குட்டி விசிலைக்கூட எடுக்கவில்லை. பால்தங்கம் பெண் வீட்டில் இருந்தாள், முற்றத்தில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டையில் அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஜெயபால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வீட்டுக்கு வந்துருங்க யத்தே. ஒங்களுக்குப் பதிலா உள்ள வர ஒரு ஆள அம்மை பேசி வச்சிருக்கா. மரம் ஏறுத சுடலைக்குப் பொண்டாட்டி தொல்லை தாங்கலையாம், எங்கனாலும் போயிருதேங்கான். கல்லுகிட்டதான் நிக்கான்."

பால்தங்கம் அவன் தலைமுடியைக் கோதினாள். "வாரேம்லே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இப்ப வீட்டுல எத்தனை பேருக்கு உலை வைக்கிய?"

"நாலு பேருக்கு. அப்பா, அம்மை, நான், இவ."

"நான் வந்தா?"

அவன் வாயைத் திறந்தான். "நாலு" என்று வந்த வார்த்தையைப் பாதியில் பிடித்து நிறுத்தினான், ஆனால் அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவன் முகம் சுருங்கிப்போய் அவள் மடியில் கவிழ்ந்துகொண்டான், கல்யாணம் ஆனவன் என்பதையும் மறந்து தேம்பினான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதலே, ஒம்மேல தப்பில்ல, எனக்கும் அப்படித்தான் எண்ண வரும். சுடலைகிட்ட எடம் இல்லன்னு சொல்லிரு. நீங்க போன பொறவு பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்தாம்னா ரெண்டு பேரா வரலாம்."

தெருவில் யாரோ, "பால்தங்கக்கா, மறுவீட்டு விருந்துக்கு இலை போட்டாச்சு! ஒங்களுக்காகத்தான் இருக்கோம்!" என்று கூப்பிட்டார்கள்.

"இருங்கட்டி, வாரேன்! எம்மவன் வந்திருக்காம்லா!" என்று அவள் தெருவே நடுங்கும்படி பதில் கொடுத்தாள். பிறகு எழுந்து, ஒரு கையில் அவனையும் ஒரு கையில் முத்துச்செல்வியையும் பிடித்துக்கொண்டு, "வாங்க, எனக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் இந்தப்பக்கம் ஒருத்தர் இருங்க" என்று கூட்டிக்கொண்டு நடந்தாள்.